மாசில் மறைந்திருந்த மகுடம்

1904ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், கொரியாவின் பூசான் நகரில் சார்லஸ் பெடர்சன் பிறந்தார். அவருடைய தந்தை நார்வே நாட்டைச் சேர்ந்த பொறியாளர், தாயார் ஜப்பானியர். அக்காலத்துக் கொரியாவில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளி இல்லை. எனவே, பெடர்சன் 8 வயதிலேயே வீட்டைப் பிரிந்து ஜப்பானின் நாகசாகி நகரில் படிக்க நேர்ந்தது. பின்னர் யோகோஹாமாவில் பள்ளிக்கல்வியைத் தொடர்ந்தார்.

உயர்கல்விக்காக அமெரிக்கா சென்ற அவர், டேட்டன் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்றார். அதன்பின், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கரிம வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்திற்குப் படிக்கும் வாய்ப்பும் இருந்தது. ஆயினும், தந்தையின் பணத்தை மேலும் செலவழிக்க அவர் விரும்பவில்லை. 1927இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்து, 42 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

1960களின் தொடக்கத்தில், வனேடியம் என்னும் உலோகத்துடன் இணையும் சேர்மம் ஒன்றை உருவாக்க அவர் முயன்றார். அவர் பயன்படுத்திய மூலப்பொருளில் சிறிதளவு மாசு கலந்திருந்தது. அதன் விளைவாக, எதிர்பார்த்த சேர்மத்தோடு வெண்ணிறப் படிகங்களும் தோன்றின. அவற்றின் அளவு வெறும் 0.4 விழுக்காடுதான். வேண்டாத பொருள் என்று அவற்றை எளிதில் ஒதுக்கியிருக்கலாம். பெடர்சனோ அவற்றைத் தனியே பிரித்து ஆராய்ந்தார்.

அப்படிகங்கள் மெத்தனாலில் மிகக் குறைவாகவே கரைந்தன. ஆனால், சோடியம் உப்பைச் சேர்த்ததும் நன்றாகக் கரைந்தன. இதற்குக் காரணம் என்ன? அச்சேர்மம் 12 கார்பன் அணுக்களும் 6 ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட பெரிய வளையமாக அமைந்திருந்தது. நேர்மின் அயனியை ஆக்சிஜன் அணுக்கள் ஈர்த்து, வளையத்தின் நடுவே பிடித்துக்கொண்டன. அயனியின் தலையில் மகுடம் சூட்டியதுபோல் அது காட்சியளித்ததால், இவ்வகைச் சேர்மங்களுக்குக் 'கிரௌன் ஈதர்' என்று அவர் பெயரிட்டார்.

பெடர்சன் வெவ்வேறு அளவுள்ள வளையங்களையும் உருவாக்கினார். 18 அணுக்கள் கொண்ட வளையம் பொட்டாசியம் அயனிக்கு நன்கு பொருந்தியது. 15 அணுக்கள் கொண்ட சிறிய வளையம் சோடியம் அயனிக்குப் பொருந்தியது. ஒரே அளவு மின்னூட்டம் கொண்ட இரு உலோக அயனிகளை, அவற்றின் பருமனைக் கொண்டு வேறுபடுத்தும் வழி இவ்வாறு பிறந்தது.

1967இல் இக்கண்டுபிடிப்பு வெளியானபோது பெடர்சன் 60 வயதைக் கடந்திருந்தார். பிரான்சின் ஜான் மரி லேன், அமெரிக்காவின் டொனால்ட் கிராம் ஆகியோர் இத்துறையை மேலும் வளர்த்தனர். இரண்டு வேறு உலோக அயனிகளை ஒரே நேரத்தில் தாங்கும் பெருவளையச் சேர்மங்களையும் வேதியியலாளர்கள் பின்னர் உருவாக்கினர்.

1987இல் அம்மூவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. முனைவர் பட்டம் பெறாத பெடர்சன், தளர்ந்த உடலுடன் தமது 83ஆம் வயதில் ஸ்டாக்ஹோம் சென்று அப்பரிசைப் பெற்றார். 1989 அக்டோபர் 26ஆம் நாள் அவர் காலமானார். சிறியதென்று எதையும் புறக்கணிக்காத அவருடைய கூர்ந்த நோக்கு, வேதியியலில் ஒரு புதிய துறைக்கே வித்திட்டது.