கதவடைக்காத மருந்தகம்

பிரிட்டிஷார் மலாயாவை ஆண்ட காலத்தில் இந்நாட்டின் ஈயமும் இரப்பரும் அவர்களுக்குப் பெருஞ்செல்வமாக இருந்தன. அதே வளங்களின்மீது ஜப்பானும் கண் வைத்தது. இவ்வாறு, வலிமைமிக்க ஒரு நாடு தன் நலனுக்காகப் பிற நாடுகளைக் கைப்பற்றி ஆள்வதையே ஏகாதிபத்தியம் என்கிறோம். இரண்டு பேரரசுகள் மலாயாவில் மோதிக்கொண்டபோது, அந்தப் போரை விரும்பாத பொதுமக்களே அதன் சுமையைத் தாங்கினர்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கிளந்தானில் தரையிறங்கியது. எட்டு வாரங்களுக்குள் அது ஜொகூரையும் கைப்பற்றியது. ஜொகூர், தம்போயில் இயங்கிய ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவமனை 1942 ஜனவரியில் சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்தது. பின்வாங்கிய படைகளோடு அவற்றின் மருத்துவமனைகளும் சென்றுவிட்டன. ஆனால், ஊர்மக்கள் எங்கே செல்வர்? நோயுற்றபோது அவர்களுக்கு மருந்து கொடுப்பவர் யார்? பேராக் மாநிலத்தில் அப்பொறுப்பை ஏற்றவர்களுள் ஒருவர் சிபில் கார்த்திகேசு.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். இவர் யுரேசியர் இனத்தைச் சேர்ந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்ற இவர், கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். 1919ஆம் ஆண்டு தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். இருவரும் 1926ஆம் ஆண்டு முதல் ஈப்போவில் கிளினிக் நடத்தி, பல இன மக்களின் அன்பைப் பெற்றனர்.

ஜப்பானியர் ஈப்போவை நெருங்கியதும், சிபில் தம் குடும்பத்துடன் அருகிலிருந்த பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு கடைவீட்டில் மருந்தகம் தொடங்கினார். அக்காலத்தில் அரிசி கிடைப்பது அரிதாகி, மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு பசியாறினர். மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பி வரவேயில்லை.

சிபிலின் மருந்தகம் எல்லாருக்கும் திறந்திருந்தது. பகலில் ஊர்மக்கள் வந்தனர். இரவில், காட்டில் மறைந்திருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காயங்களுடன் வந்தனர். அவர்களுக்கும் அவர் மருத்துவம் செய்தார். தடைசெய்யப்பட்டிருந்த வானொலிப் பெட்டியை வீட்டில் மறைத்து வைத்து, பி.பி.சி. செய்திகளைக் கேட்டுப் பிறருக்குத் தெரிவித்தார். பிடிபட்டால் என்ன நேரும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1943ஆம் ஆண்டு ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாய் அவரைக் கைது செய்தது. அவருடைய கணவரும் பிடிபட்டார். எதிர்ப்புப் படையினரின் விவரங்களைக் கேட்டு அவரைக் கொடுமையாகச் சித்திரவதை செய்தனர். சிறுமியான மகள் டாவ்னையும் அவர் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு அச்சுறுத்தினர். அந்த நிலையிலும் சிபில் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்ட அவர், முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, நடக்கும் ஆற்றலை இழந்தார்.

1945இல் போர் முடிந்ததும் விடுதலையான சிபில், சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். அவரது துணிவைப் பாராட்டி, பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. எனினும், சித்திரவதையின் பாதிப்பிலிருந்து அவரால் மீள முடியவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் தமது 48ஆம் வயதில் அவர் காலமானார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டது. இன்று ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

போர் வரலாற்றில் தளபதிகளின் பெயர்களும் வெற்றி தோல்விகளுமே பெரிதாகப் பேசப்படுகின்றன. ஆனால், போர் என்பது உணவின்றித் தவித்த குடும்பங்களின் வரலாறுமாகும். மருந்தின்றி வாடிய நோயாளிகளின் வரலாறுமாகும். தமக்குத் தீங்கு நேரும் என்று அறிந்தும், உதவி நாடி வந்தவருக்குக் கதவடைக்காத சிபிலின் வாழ்க்கை, மனிதநேயம் எத்துணை விலைமிக்கது என்பதை நமக்கு உணர்த்துகிறது.