குதிரைகளுக்குப் படம் எழுதிய கரையா ஓவியர்

கல்கத்தா நகரின் ஒரு பகுதிக்குக் கரையா என்று பெயர். 1830-களிலும் 1840-களிலும் அங்கே ஓர் ஓவியர் தொழில் நடத்தி வந்தார். அவர்தான் ஷேக் முகம்மது அமீர். மகாராஜாக்களை எழுதிப் பெயர் வாங்கிய ஓவியர்கள் உண்டு. குதிரைகளை எழுதிப் பெயர் வாங்கியவர் இவர்!

அந்நாளில் கல்கத்தாதான் கும்பெனி ஆட்சியின் தலைநகரம். வசதியுள்ள துரைமார் வீடுகளில் லாயம் இருக்கும். சாரட்டு வண்டிக்கு ஒரு ஜோடி, சவாரிக்கு ஒன்று, குழந்தைக்கு ஒரு மட்டக் குதிரை. அரபுக் குதிரைகளும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குதிரைகளும் கப்பலில் வந்து இறங்கின. துரை சீமைக்குத் திரும்பும்போது அவற்றைக் கூட்டிச் செல்ல முடியுமா? நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக் கணக்கில் கடற்பயணம். விற்றுவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். ஆசைக் குதிரையின் படமாவது கூட வரட்டுமே!

இங்கேதான் ஓவியருக்குச் சோதனை. ஏதோ ஒரு குதிரையை அழகாக எழுதிக் கொடுத்தால் போதாது. தோவாளைப் பூக்காரர் மொட்டைத் தொட்டே அது மலரும் வேளையைச் சொல்லிவிடுவார். குதிரை வளர்த்தவனும் அப்படித்தான். நெற்றி வெள்ளை சற்றுக் கோணினாலும், ஒரு கால் வெள்ளை கணுவுக்கு மேல் ஏறினாலும், இது என் குதிரை இல்லை என்று சொல்லிவிடுவான். நம் ஊரார் பார்க்கும் சுழியைத் துரைமார் பார்க்கவில்லை, மற்றதையெல்லாம் பார்த்தார்கள்.

அமீர் குதிரையைப் பக்கவாட்டில் நிறுத்தி எழுதினார். நீர் வர்ணத்தில் கைதவறினால் திருத்துவது கடினம். மொகலாய ஓவியர் வழிவந்த நுண்ணிய தூரிகை வேலையும், ஆங்கிலேயர் விரும்பிய ஒளி நிழலும் அவர் கையில் கலந்தன. தேய்த்துவிட்ட ரோமத்தின் பளபளப்பு காகிதத்தில் தத்ரூபமாக வந்தது. பின்னால் பெரிய காட்சி எதுவும் கிடையாது. வெறும் தரை, வானம், காலடியில் நிழல்.

கடிவாளம் பிடித்து நிற்கும் குதிரைக்காரரை அவர் அலட்சியமாக விட்டதில்லை. பணம் கொடுத்தவர் கேட்டது குதிரையைத்தான். அவரோ அந்த ஏழையின் முகத்தையும் கவனித்து எழுதினார். மட்டக் குதிரைமேல் ஆங்கிலக் குழந்தை அமர்ந்திருக்கும் ஒரு படம் உண்டு. குழந்தையின் முகத்தைத் தொப்பி மறைத்துவிடுகிறது; சுற்றி நிற்கும் மூன்று வேலைக்காரர்களின் முகங்கள்தான் நம்மைப் பார்க்கின்றன!

நாய்கள், வண்டிகள், பெரிய மாளிகைகள் எல்லாம் எழுதினார். ஹால்ராய்டு என்னும் துரைக்காக அவர் எழுதிய படத்தொகுதி லண்டன் ஓரியண்டல் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் கும்பெனியாருக்குப் படம் எழுதிய பலர் பெயரில்லாமலே போனார்கள். அமீர் பெயரோ, கரையாவாசி என்ற குறிப்போடு அவர் படங்களில் நின்றுவிட்டது.

பிறகு புகைப்படப் பெட்டி வந்தது. கும்பெனி பாணி ஓவியர்களின் பிழைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் காட்சிசாலையில், கும்பெனிக் காலத்து இந்திய ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி திறந்தார்கள். அமீரின் குதிரைகளும் அங்கே நின்றன, எழுதியவர் பெயருடன்.