இசைத்தட்டில் வாழும் குரல்

நாடக மேடையில் மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடியவர், எஸ்.ஜி.கிட்டப்பா. 1906ல் செங்கோட்டையில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே மேடை ஏறினார். பின்னாளில், கே.பி.சுந்தராம்பாளுடன் இணைந்து நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது.

1931ல் தமிழில் பேசும் படம் வந்தது. ஆனால், படத்தில் நடிக்கும் முன்பே, 1933ல், 27 வயதில் கிட்டப்பா மறைந்தார். அவர் குரல் மிஞ்சியது கிராமபோன் இசைத்தட்டுகளில் மட்டுமே! ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடப் பாட்டு. கீழே விழுந்தால் உடையும் அரக்குத் தட்டு. ரசிகர்கள் அவற்றைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தனர். மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டினர். அதனால்தான் இன்றும் அந்தக் குரலை நாம் கேட்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டு இருக்கிறதா? தூக்கி எறியாதீர்கள். அது யார் குரல் என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள்!