கடல் கடந்து கற்ற மாணவர் சந்திரசேகர்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி ஒருவர்)



சாத்தூருக்கு அருகிலுள்ள அச்சங்குளம் என் ஊர். மழை பொய்த்த கரிசல் மண்ணில் பட்டாசும் தீப்பெட்டியுமே எங்களுக்குச் சோறு போடுகின்றன. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் பல உயிர்கள் மாண்டதை நாடறியும். அன்று என் அன்னை வேறோர் ஆலையில் திரி வைத்துக்கொண்டிருந்தார். மாலையில் வீடு திரும்பியவர், பள்ளிச் சிறுமியாக இருந்த என்னை அருகில் உட்கார வைத்து, படிப்பு எவ்வளவு தூரம் அழைக்கிறதோ அவ்வளவு தூரமும் நான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இப்போது படிப்பு வெகு தூரத்திலிருந்து அழைக்கிறது. முதுகலை முடித்து, வெளிநாடு சென்று, இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற வேண்டும் என்பது என் அவா. ஆனால் அன்னைக்கோ மூச்சிரைப்பு நோய். நோயாளித் தாயை விட்டுவிட்டுச் சீமைக்குப் போவதா என்று உறவினர் கேட்கின்றனர். விடை தெரியாமல் நம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்த நாளில்தான் விண்ணியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு என் கையில் கிடைத்தது. அதே கேள்வி அவர் வீட்டு வாசலிலும் ஒரு காலத்தில் வந்து நின்றிருக்கிறது! அந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமை

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19இல் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் அரசின் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். தாயார் சீதாலட்சுமி. சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா. பத்து மக்களில் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர். சீதாலட்சுமி பள்ளியில் அதிகம் பயிலாதவர். ஆயினும் தாமே முயன்று ஆங்கிலம் கற்று, நார்வே நாட்டு இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் பெயர்த்தார் என்றால் அவர் அறிவு வேட்கையை என்னென்பது! 1920இல் கணித மேதை இராமானுசன் மறைந்த செய்தியை ஒன்பது வயது மகனுக்கு எடுத்துச் சொன்னவரும் இந்தத் தாயே. அந்தச் செய்தி சிறுவனின் நெஞ்சில் விதையாய் விழுந்தது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சந்திரசேகர், 1925இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். நம் கல்லூரியைப் போல் அதுவும் அரசுக் கல்லூரியே. மகன் ஐ.சி.எஸ். அலுவலராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ கணிதத்தில் காதல். பெயருக்கு இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்துவிட்டுக் கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்துகொண்டார். மனம் விரும்பியதைச் செய் என்று மகன் பக்கம் நின்றவர் தாயார்.

1928இல் செருமானியப் பேரறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். வாணம் வெடிக்கையில் ஸ்ட்ரான்சியம் சிவப்பாகவும் பேரியம் பச்சையாகவும் ஒளிர்வதை நாம் அறிவோம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக் கோடுகளை ஏன் உமிழ்கிறது என்பதை அணுவைக் கொண்டு விளக்கிய பெருநூலை எழுதியவர் அவர். அந்நூலைத் தாமே படித்து முடித்திருந்த சந்திரசேகர், அறிஞர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைக் கண்டார். அந்நூல் சொல்லும் இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் என்னும் புதியது பிறந்துவிட்டது என்று நூலாசிரியரே சொல்லக் கேட்டுத் திகைத்தார். ஆனால் துவளவில்லை. புதியதைக் கற்றார். அதைக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ப் பவுலருக்கு அனுப்பினார். 1929இல் அது இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை பதினெட்டு!

தாய் தந்த விடை

1930இல் இந்திய அரசு அவருக்கு இங்கிலாந்தில் ஆய்வு செய்ய மூன்றாண்டு உதவித்தொகை அளித்தது. அந்த நேரத்தில் தாயார் கடும் நோயில் படுத்திருந்தார். பிழைப்பது அரிது என்று வீட்டார் அறிந்திருந்தனர். மூத்த மகன் இந்நிலையில் பிரிந்து போகலாகாது என்று உறவினர் பலர் கருதினர். போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர் நோயாளித் தாய் ஒருவரே. தன் மகன் தனக்காகப் பிறந்தவன் அல்லன், உலகத்துக்காகப் பிறந்தவன் என்பது அவர் எண்ணம். 1930 சூலை 31ஆம் நாள் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். மறு ஆண்டு மே மாதத்தில் தாயார் மறைந்த செய்தி கேம்பிரிட்ஜில் அவரை எட்டியது. தாயும் மகனும் மீண்டும் ஒருவரையொருவர் காணவே இல்லை.

நண்பர்களே, இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கப்பலில் ஒரு கணக்கு

முதல் சில நாள்கள் கடல் கொந்தளித்தது. கடல் அமைதியடைந்த பின் அந்த இளைஞர் தாளும் பேனாவும் எடுத்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு விண்மீன் ஆகிறது. நெருங்கி அடைபட்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே அது மேலும் சுருங்காமல் தாங்குகிறது என்று பவுலர் காட்டியிருந்தார். அத்தனை நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அங்கே ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று சந்திரசேகர் கணக்கிட்டார். அந்தத் தாங்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்று விடை வந்தது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை என்று இன்று நாம் கூறும் 'சந்திரசேகர் வரம்பு' இதுவே. அவ்வரம்பை மீறிய மீன் வெண்குறு விண்மீனாக நிலைக்க முடியாது. கப்பலில் கிடைத்த எண் இதற்குச் சற்றுக் குறைவாயினும் கருத்து அதுவே. அப்போது அவருக்கு இன்னும் இருபது வயது நிறையவில்லை.

கேம்பிரிட்ஜில்

சென்னையில் முதல்வராய் விளங்கியவர், கேம்பிரிட்ஜில் தாம் பலருள் ஒருவரே என்று உணர்ந்தார். டிராக் போன்ற மேதைகள் நடமாடும் இடம் அது. தாழ்வு மனப்பான்மையும் தனிமையும் அவரை வாட்டின. அதற்கு அவர் கண்ட மருந்து உழைப்பு. டிராக்கின் ஒரே பாடத் தொடரை நான்கு முறை முழுமையாகக் கேட்டார் என்பது அவர் கற்ற முறையைக் காட்டும். 1931 கோடையில் செருமனியின் காட்டிங்கன் சென்றார். டிராக்கின் அறிவுரைப்படி கடைசி ஆண்டை டென்மார்க்கில் நீல்ஸ் போரின் ஆய்வு நிலையத்தில் கழித்தார். 1933இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஒரு வியப்பு: அவருக்குப் பட்டம் தந்தது கப்பலில் கண்ட வரம்பு அன்று, சுழலும் விண்மீன்களைப் பற்றிய ஆய்வே. வரம்பு பற்றிய கட்டுரை 1931இல் அமெரிக்க வானியற்பியல் இதழில் தனியே வெளிவந்திருந்தது.

உதவித்தொகை முடிந்தது. டிரினிடி கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தும் நம்பிக்கை இல்லை. ஆக்ஸ்போர்டுக்குப் புறப்பட்டவர், வழியில் வண்டியை நிறுத்தி அறிவிப்புப் பட்டியலைப் பார்த்தார். அவர் பெயர் இருந்தது! இராமானுசனுக்குப் பின் அப்பெருமை பெற்ற இந்தியர் இவரே.

அவையில் நேர்ந்தது

1935 சனவரி 11ஆம் நாள் இலண்டன் ராயல் வானியல் கழகத்தில் தம் முடிவை விரிவாக எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர், டிரினிடியில் அவரோடு அடிக்கடி உரையாடி வந்த பேரறிஞர் எடிங்டன். அவர் அந்தக் கொள்கையை எள்ளி நகையாட, அவையே சிரித்தது. இருபத்து நான்கு வயது இளைஞருக்கு மறுமொழி கூற வாய்ப்புத் தரப்படவில்லை. இயற்பியலார் சிலர் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனிமையில் ஒப்பினர். வெளியில் சொல்ல முன்வரவில்லை. அவர் சினந்து சீறவில்லை, தம் முடிவைக் கைவிடவும் இல்லை. விண்மீன்களின் அமைப்பைப் பற்றி 1939இல் ஒரு நூல் எழுதி, அதில் தம் கொள்கையை நிலைநாட்டிவிட்டு அடுத்த துறைக்கு நகர்ந்தார். எடிங்டனோடு கொண்ட நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை.

1936இல், மாநிலக் கல்லூரியில் தம்மோடு பயின்ற லலிதாவை மணந்தார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். ஏறத்தாழ ஐம்பது மாணவர்கள் அவரிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றனர். மாணவராய் இருந்தபோது தம் கட்டுரையை வெளியிட்ட வானியற்பியல் இதழுக்கு 1952 முதல் 1971 வரை அவரே ஆசிரியர்! 1983இல் வில்லியம் பவுலருடன் நோபெல் பரிசு பெற்றார். கப்பல் கணக்குக்கும் பரிசுக்கும் இடையே 53 ஆண்டுகள். 1995 ஆகஸ்டு 21இல் மறைந்தார். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயர் சூட்டப்பட்டது.

நமக்கு

சந்திரசேகரும் நாமும் ஒன்றல்லோம். அவர் வீட்டில் நூல்கள் இருந்தன. நோபெல் பரிசு பெற்ற சிற்றப்பா இருந்தார். எங்கள் வீட்டில் நான்தான் கல்லூரியைக் கண்ட முதல் ஆள். ஆயினும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இயற்பியல் டாக்டர் பட்ட மாணவர்க்குக் கட்டணத்தை நீக்கி, வகுப்பில் உதவி ஆசிரியராகப் பணிபுரிய வைத்து, பிழைப்புக்கும் படி தருகின்றனர் என்று அறிந்தேன். ஆகவே ஏழ்மை ஒன்றே தடை என்று இனி நான் சொல்ல இயலாது.

எஞ்சியது உறவினர் கேட்ட கேள்வி. இக்கட்டுரையை அன்னைக்குப் படித்துக் காட்டினேன். சீதாலட்சுமி மறைந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாய்க்கு மகனிடமிருந்து கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். வாரக்கணக்கில் ஆகும் என்றேன். இப்போது தொலைபேசியில் முகம் பார்த்தே பேசலாமே என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேலைக்குச் சோறு கட்ட எழுந்து போனார்.

எனக்கு விடை கிடைத்துவிட்டது, நண்பர்களே. ஆனால் அந்த விடையின் விலையைச் செலுத்துபவர் நான் அல்லள் என்பதைச் சந்திரசேகரின் வரலாறு எனக்குக் கற்பித்திருக்கிறது. கடல் கடந்து பெறும் பட்டத்தில் ஒருவர் பெயரே எழுதப்படும். அதன் பாதி, கரையில் நின்று விடை கொடுத்தவர்க்கு உரியது. அதை மறவாமல் படிப்போமாக!