பியானோ செய்த பெண்மணி

வீணை வாசிக்க அமர்பவர் முதலில் செய்வது என்ன? பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பதுதானே! பிருடை நெகிழ்ந்தால் தந்தி தளரும். எத்தனை பெரிய வித்துவான் வந்தாலும் இசை பிறக்காது. பியானோவிலும் அப்படியே. அதன் தந்தி ஒவ்வொன்றும் ஓர் இரும்பு முளையில் சுற்றப்பட்டு, அம்முளை கெட்டியான மரப்பலகையில் அறையப்பட்டிருக்கும். மரத்தின் பிடி ஒன்றே முளையை நிறுத்துகிறது. கேட்போர் எவரும் அதை நினைப்பதில்லை. ஆனால் தந்தியின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அதுதான். அத்தகைய முளைகளோடும் தந்திகளோடும் வாழ்நாள் முழுவதும் பழகிப் புகழ்பெற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றைக் காண்போம்.

நானெட் 1769ஆம் ஆண்டு ஜெர்மன் நாட்டின் ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை யோகான் ஆந்த்ரேயாஸ் ஸ்டைன் பெயர்பெற்ற பியானோ தொழிலாளர். பியானோவின் ஒலிப்பலகையை அவர் வெயிலிலும் மழையிலும் போட்டு, வேண்டுமென்றே வெடிக்கவிட்டு, வெடிப்பை ஒட்டிச் சரிசெய்த பிறகே பயன்படுத்துவாராம். பின்னாளில் வாங்குபவர் வீட்டில் அது வெடிக்கக் கூடாதே என்ற கவலை அவருக்கு! இந்தத் தந்தையிடம் நானெட் வாசிக்கவும் கற்றார். வாத்தியம் செய்யவும் கற்றார்.

1777இல் இளைஞர் மோட்சார்ட் அந்த வீட்டுக்கு வந்தார். எட்டு வயது நானெட் வாசித்துக் காட்டினாள். சிறுமி உடலை அசைப்பதையும் முகத்தைச் சுளிப்பதையும் அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் கேலி செய்தார். ஆயினும் அவளிடம் இயற்கையான திறமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்.

1792இல் தந்தை காலமானார். நானெட்டுக்கு அப்போது வயது 23. தம்பி மத்தேயஸோ பதினாறு வயதுகூட நிரம்பாதவன். தொழிற்கூடத்தை விற்றுவிட்டு வீட்டோடு இருந்திருக்கலாம். நானெட் அப்படிச் செய்யவில்லை. நோயுற்றிருந்த தந்தையின் இடத்தில் முன்பே நின்று பழகியவர், இப்போது முழுப் பொறுப்பையும் தோளில் ஏற்றார்.

1794இல் இசைஞர் ஆந்த்ரேயாஸ் ஸ்ட்ரைக்கரை மணந்து, தம்பியையும் தொழிலையும் வியன்னா நகருக்குக் கொண்டு சென்றார். அக்காளும் தம்பியும் கூட்டாக நடத்திய தொழில் 1802இல் பிரிந்தது. அதன் பின் நானெட் செய்த பியானோக்களில் அவர் பெயரே பொறிக்கப்பட்டது. பிறந்த குடும்பத்தின் பெயரான ஸ்டைன் என்பதும் அதனுடன் இடம்பெற்றது. பெண்கள் தம் பெயரில் தொழில் நடத்துவது அரிதாயிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

விற்றதோடு கடமை முடிந்தது என்று இக்குடும்பம் எண்ணவில்லை. பியானோவை எப்படி வாசிப்பது, எப்படிச் சுருதி சேர்ப்பது, எப்படிப் பாதுகாப்பது என்று விளக்கி, கணவர் எழுதிய சிறுநூல் ஒன்று 1801இல் வெளிவந்தது.

இசை மேதை பேத்தோவன் இவர்களுடைய நண்பர். அவருக்கு வலிய ஒலி வேண்டும். ஒலி வலுக்கத் தந்தி தடிக்க வேண்டும். தந்தி தடித்தால் இழுப்பு மிகும். இழுப்பு மிகுந்தால் முளையும் பலகையும் அதைத் தாங்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும்! ஆண்டுகள் செல்லச் செல்ல நானெட்டின் பியானோக்கள் வலுப்பெற்றன.

பேத்தோவனுக்குக் காது கேளாமை முற்றிய 1817, 1818ஆம் ஆண்டுகளில், ஒழுங்கின்றிக் கிடந்த அவருடைய இல்லத்துக்கு நானெட் துணைநின்றார். வேலையாள் அமர்த்துவது, துணி துவைப்பது, சமையலறைச் செலவு என அவர் நானெட்டுக்கு எழுதிய கடிதங்கள் சுமார் அறுபது இன்றும் உள்ளன. தொழிற்கூடத்தையும் தம் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே இந்த உதவியையும் செய்தார். 1823இல் மகன் யோகான் பாப்டிஸ்ட் தொழிலில் பங்காளியானார். 1833இல் நானெட் மறைந்தார். அதே ஆண்டில் கணவரும் மறைந்தார். அவர்கள் தொடங்கிய தொழில் 1896 வரை நடந்தது.

நானெட்டின் பியானோக்கள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இத்தகைய பழைய வாத்தியத்தைப் பழுதுபார்ப்பது எளிதன்று. மரம் உலர்ந்து துளை அகன்றுவிட்டால் முளை நிற்காது. சேர்த்த சுருதி உடனே இறங்கிவிடும். அப்போது பழைய முளையைக் கழற்றிச் சற்றே தடித்த முளையை அறைகிறார்கள். மெலிந்ததாயின் பிடிக்காது, மிகத் தடித்ததாயின் பலகையே பிளந்துவிடும். துளையை ஒருமுறை அகலப்படுத்திவிட்டால், செய்தவர் விட்டுச்சென்ற அளவு மீண்டும் கிடைக்காது. ஆகவே அறிந்தோர் ஒவ்வொரு துளையையும் சோதித்து, நிற்கக்கூடிய பழைய முளைகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் கைவேலைக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கிடைக்கும் மரியாதை அது!

தோழியரே! மேடையில் வாசிப்போரை உலகம் கைதட்டிப் பாராட்டுகிறது. அந்த இசை நிலைப்பதற்கு உள்ளே தாங்கி நிற்பவர்களும் வேண்டும். நானெட் அவ்வாறு தாங்கி நின்றார். தம் பெயரையும் மறைத்துக்கொள்ளவில்லை. நாமும் ஏற்ற பணியில் நெகிழாமல் நிற்போம். அதில் நம் பெயரைத் தயங்காமல் பொறிப்போம்.