பெயர்களைக் காத்த அன்னை சிபில் கார்த்திகேசு

போரையும் இனப்படுகொலையையும் பற்றிய நூல்களை நான் தேடித் தேடிப் படிப்பதைக் கண்டு விடுதித் தோழியர் சிலர் வியப்பதுண்டு. தேர்வுக்கும் உதவாத, தூக்கத்தையும் கெடுக்கும் இந்த நூல்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. என்னைத் துரத்துவது ஒரே ஒரு கேள்விதான். காலையில் தன் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு வேலைக்குப் போகும் மனிதன், அங்கே இன்னொருவரின் பிள்ளையை எப்படி வதைக்கிறான்? அவன் நம்மைப் போன்றவன்தானா, அல்லது வேறொரு பிறவியா?

படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. பெருங்கொடுமைகள் பெரும்பாலும் வாளில் தொடங்குவதில்லை, பட்டியலில் தொடங்குகின்றன. நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் பெயரை நீக்கிவிட்டுக் கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். ருவாண்டாவில் 1994ஆம் ஆண்டு கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களை வானொலியிலேயே வாசித்தார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. தீமைக்கு முதலில் தேவைப்படுவது பெயர். அந்தப் பெயரைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்த உண்மையை எனக்கு மிக அழுத்தமாகக் கற்பித்த வாழ்க்கை ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ நடந்ததன்று. நான் பிறந்த பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகில், பாப்பான் என்னும் சிறிய ஈயச் சுரங்க ஊரில் நடந்தது. அந்த வாழ்க்கைக்குரியவர் சிபில் கார்த்திகேசு.

பிறப்பும் பணியும்

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவிலுள்ள மேடான் நகரில், ஓர் யுரேசியக் குடும்பத்தில் பிறந்தார். தாதிமைப் பயிற்சியும் மகப்பேற்றுப் பயிற்சியும் பெற்றார். தமிழ் மரபில் வந்த, தைப்பிங்கைச் சேர்ந்த டாக்டர் கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். மணமகன் இந்து, மணமகள் கத்தோலிக்கர் என்பதால் தொடக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தேறியது. முதற்பிள்ளை பிறந்த மறுநாளே இறந்தது. அதன்பின் வில்லியம் என்னும் சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்தனர். ஓல்கா, டான் என்னும் இரு பெண் மக்களும் பிறந்தனர்.

ஈப்போ புருஸ்டர் சாலையில் கணவர் நடத்திய மருந்தகத்தில் சிபில் பல்லாண்டுகள் பணியாற்றினார். கன்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீன மக்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே கருதினர். பிறப்பால் தமிழர் அல்லாதவர், தமிழ்ப் பெயரால் அறியப்பட்டவர், சீனரின் அன்பைப் பெற்றவர். இவரை எந்த இனத்தின் கணக்கில் எழுதுவது? அப்படி எழுத முடியாமல் இருப்பதே இவருடைய பெருமை என்பேன்.

பாப்பான் வீடு

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அம்மாத இறுதிக்குள் ஈப்போ வீழ்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே கார்த்திகேசு குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, பெரிய வீதியில் 74ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் திறந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறு. துணி இல்லை, கோணிச்சாக்கே உடை. அந்த நிலையில் பாப்பானுக்கு வந்த ஏழைகளுக்குச் சிபில் மருத்துவம் பார்த்தார். இரவில் பின்வாசல் வழியாக வேறு சிலரும் வந்தனர். அவர்கள் காட்டில் இருந்து ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். அவர்களின் உடலில் பாய்ந்த தோட்டாக்களை அகற்றி, காயங்களுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார். மாடிப்படியின் கீழே ஒரு குழியில் தடைசெய்யப்பட்ட வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து, லண்டன் செய்திகளைக் கேட்டு மற்றவர்களுக்கும் தெரிவித்தார். அந்தப் பெட்டிக்கு ஜோசஃபின் என்று செல்லப் பெயரும் வைத்திருந்தார்.

பெயர் கேட்டவர்கள்

1943இல் கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவல்துறை முதலில் டாக்டரையும், பின்னர் சிபிலையும் கைது செய்தது. ஈப்போவிலும் பத்து காஜா சிறையிலும் அவர் பட்ட கொடுமைகளை விரித்துரைக்க என் கை கூசுகிறது. நகங்களைப் பிடுங்கினர். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டனர். மூச்சு முட்டும்வரை நீரைப் புகட்டினர். முதுகெலும்பு சிதைந்து, நடக்கும் ஆற்றலை இழந்தார்.

அவ்வளவு கொடுமைக்கும் அவர்கள் கேட்ட விலை என்ன? சில பெயர்கள். யாருக்கு மருந்து கொடுத்தாய், யார் வந்து போனார்கள், யாரிடம் செய்தி சொன்னாய் என்பவைதான். சிபில் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை.

இறுதியில் விசாரணை அதிகாரியான சார்ஜண்ட் யோஷிமுரா, சின்னஞ்சிறு மகள் டானைக் கொண்டுவந்து மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவதாக மிரட்டினான். தாயைக் கட்டிவைத்துப் பார்க்கச் செய்தான். ஒரு தாயின் உறுதி எங்கே உடையும் என்று அவன் அறிந்திருந்தான். தீமைக்கும் மனித மனம் தெரியும். அன்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது கை வைக்கும். அந்த நேரத்தில் வேறொரு ஜப்பானிய அதிகாரி தலையிட்டு அக்கொடுமையை நிறுத்தினார், குழந்தை பிழைத்தது.

என் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இந்த இடத்தில்தான் கிடைத்தது. ஒரே சீருடை, ஒரே மொழி, ஒரே பேரரசர். ஒருவன் தீ மூட்டத் துணிந்தான், மற்றவர் நிறுத்தினார். எனவே கொடுமையை ஓர் இனத்தின் குணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சீருடைக்குள் இருக்கும் மனிதன் ஒவ்வொரு முறையும் தானே முடிவெடுக்கிறான்.

விடுதலையும் மறைவும்

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகே சிறைக் கதவு திறந்தது. சிகிச்சைக்காக அவரைப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பினர். அவருடைய வீரத்துக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. யோஷிமுராவுக்கு 1946இல் போர்க்குற்ற நீதிமன்றம் மரண தண்டனை அளித்தது. எனினும் தாடையில் பட்ட உதையால் ஏற்பட்ட காயம் ஆறவே இல்லை. 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில், நாற்பத்தெட்டு வயதில் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயிண்ட் மைக்கேல் தேவாலயத்தின் அருகிலுள்ள கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் கூறிவைத்த நினைவுகள் 1954இல் நோ டிராம் ஆஃப் மெர்சி என்னும் ஆங்கில நூலாக வெளிவந்தன. துளிக் கருணையும் இல்லை என்பது அத்தலைப்பின் பொருள்.

அவர் மறைந்த நான்காம் நாள், பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. அவர் காயங்களுக்குக் கட்டுப் போட்ட இயக்கத்தவரும், அவருக்குப் பதக்கம் அளித்த அரசும் ஒருவரையொருவர் வேட்டையாடத் தொடங்கினர். அதற்கு முன்பே, ஜப்பான் சரணடைந்த வாரங்களில், காட்டிலிருந்து வெளிவந்தவர்களும் துரோகிகள் என்று தாங்கள் பட்டியலிட்டவர்களைக் கொன்றிருந்தனர். பட்டியல் கை மாறியது. அதன் வேலை மாறவில்லை. சிபில் மட்டுமே எந்தப் பட்டியலுக்கும் பெயர் கொடுக்காதவராக நிற்கிறார்.

நமக்குரிய கடமை

சிபில் சிறைப்பட்ட அதே 1943இல்தான் சயாம் மரண இரயில்பாதை முடிவடைந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்காக மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டு சென்றனர். காஞ்சனபுரியில் மடிந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் புறப்பட்ட லயங்களும் இன்று பல இடங்களில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது.

தீமை இருவகையில் வேலை செய்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். கொல்வதற்குப் பெயரைக் கேட்கிறது; கொன்றபின் பெயரை அழிக்கிறது. முதலாவதை எதிர்க்கச் சிபிலைப் போன்ற நெஞ்சுரம் வேண்டும். அது எல்லாருக்கும் வாய்க்காது. இரண்டாவதை எதிர்க்க ஓர் எழுதுகோலும் ஒரு குறிப்பேடும் போதும். பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்கு அது இயலாத காரியமா?

எனவே என் வேண்டுகோள் இதுதான். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் குடும்பத்தில் ஜப்பான் காலத்தைக் கண்ட பெரியவர் இருந்தால் அவர் அருகில் சற்று நேரம் அமருங்கள். அத்தகையோர் இப்போது மிகச் சிலரே. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யார், எந்தத் தோட்டம், என்ன உறவு என்று கேட்டு எழுதுங்கள். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் ஆண்டோடும் ஊரோடும் எழுதி வையுங்கள்.