வெள்ளிக் காசிலிருந்து அசோகர் வரை: ஜேம்ஸ் பிரின்செப்பின் வாழ்க்கை

மலேசியத் தமிழர்களாகிய நாம் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். கையில் இருப்பது தாளாக இருந்தாலும், கைப்பேசியில் தெரியும் வெறும் எண்ணாக இருந்தாலும், சொல் மாறவில்லை. நம் முன்னோர் உண்மையான வெள்ளி நாணயத்தில் சம்பளம் வாங்கிய காலத்தின் சுவடு அது. ரூபாய் என்ற சொல்லும் வெள்ளியைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். ரிங்கிட் என்றால் பற்கள் போன்ற விளிம்பு கொண்டது என்று பொருள். முன்பு இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர்.

பழைய பிரிட்டிஷ் கால வெள்ளி நாணயங்களைச் சேகரிப்பவர்களிடம் கேட்டால், 1835ஆம் ஆண்டு ரூபாயைத் தவறாமல் காட்டுவார்கள். ஒரு பக்கம் நான்காம் வில்லியம் மன்னரின் தலை. மறுபக்கம் இலை வளையத்துக்குள் ஒரு ரூபாய் என்று ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் எழுத்து; சுற்றிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர். அந்த நாணயத்தின் பின்னணியில் உழைத்தவர் ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தைப் படித்தவர் என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் அறிந்த அதே பிரின்செப்தான். இந்த இரண்டு வேலைகளும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்தன என்ற கேள்விதான் என்னை அவர் வாழ்க்கைக்குள் இழுத்தது.

கண் கெட்டதால் கிடைத்த தொழில்

பிரின்செப் 1799 ஆகஸ்ட் 20இல் பிறந்தார். தந்தை ஜான் பிரின்செப் கையில் அதிகம் இல்லாமல் இந்தியாவுக்குப் போய், அவுரிச் சாய வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்து இங்கிலாந்து திரும்பியவர். அந்தச் செல்வம் நிலைக்கவில்லை. மகன்கள் பலர் மீண்டும் இந்தியாவையே நம்ப வேண்டியதாயிற்று. ஜேம்ஸுக்குக் கட்டடக்கலையில் ஆசை. அதைப் படிக்கத் தொடங்கியபோது கண்ணில் கோளாறு வந்து, நுணுக்கமான வரைபடம் போட முடியாமல் போனது. வேறு வழி தேடிய குடும்பம் அவரை லண்டன் அரசு அக்கசாலையில் உலோகத்தின் மாற்றுப் பார்க்கும் தொழிலுக்கு அனுப்பியது.

1819 செப்டம்பரில் அவர் கல்கத்தாவில் இறங்கியபோது வயது 20. என் வயதுதான். விரும்பிய படிப்பு கைகூடாமல், கிடைத்த துறையில் சேர்ந்த நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஓராண்டுக்குள் அவர் காசி நகர அக்கசாலைக்கு அனுப்பப்பட்டு, அது மூடப்பட்ட 1830 வரை அங்கே இருந்தார். அலுவலக வேலையோடு நிற்கவில்லை. கண் தேறியதும் காசி நகரத்தை அளந்து வரைபடம் தயாரித்தார். கழிவுநீர் வெளியேறச் சுரங்கக் கால்வாய் அமைத்தார். கர்மநாசா ஆற்றின்மேல் பாலம் கட்டினார். ஔரங்கசீப் காலத்துப் பள்ளிவாசலின் மினார்களைப் பழுதுபார்த்தார். கைவிட்டதாக நினைத்த கட்டடக்கலை இன்னொரு வாசல் வழியாக அவரிடம் திரும்பி வந்தது.

வெள்ளியின் உண்மையைச் சோதிப்பது எப்படி?

மாற்றுப் பார்ப்பவரின் வேலை, ஒரு நாணயத்தில் உண்மையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று சொல்வது. நாணயத்திலிருந்து சிறு துண்டை வெட்டி எடைபோட வேண்டும். அதை ஈயத்துடன் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் உருக்க வேண்டும். செம்பு போன்ற கலப்புகளை ஈயம் தன்னுடன் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கசடைக் கிண்ணம் உறிஞ்சிவிடும். கடைசியில் வெள்ளி மட்டும் சிறு மணியாக நிற்கும். அதை மறுபடி எடைபோட்டால் கணக்குத் தெரிந்துவிடும்.

சொல்வது எளிது. உலையின் சூடு கூடினாலும் குறைந்தாலும் விடை தவறும். தராசு சற்றே சாய்ந்தாலும் தவறும். இந்த இரண்டையும் பிரின்செப் விடவில்லை. வெவ்வேறு வெப்பத்தில் உருகும் உலோகக் கலவைகளைக் கொண்டு உலையின் சூட்டை அளக்கும் முறையை உருவாக்கினார். அதைப் பற்றிய கட்டுரை 1828இல் வெளியாகி, லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியைப் பெற்றுத் தந்தது. ஒரு கிரேன் எடையில் 3,000இல் ஒரு பங்கைக்கூடக் காட்டும் தராசையும் வடிவமைத்தார். ஒரு கிரேன் என்பது 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அந்தத் தராசின் நுட்பத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரே ரூபாய்

அன்றைய இந்தியாவில் ரூபாய் என்ற பெயரில் பல நாணயங்கள் புழங்கின. முர்ஷிதாபாத் ரூபாய், பரூக்காபாத் ரூபாய், காசி ரூபாய், ஆற்காட்டு ரூபாய் என ஒவ்வொன்றுக்கும் எடை வேறு, மாற்று வேறு. ஊருக்கு ஊர் சராப்புக்காரர்கள் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார்கள். இதில் நட்டப்பட்டவர்கள் கணக்குத் தெரியாத குடியானவர்கள்.

1832இல் கல்கத்தா அக்கசாலையின் மாற்றுத் தலைமை அதிகாரியான பிரின்செப், எடை அளவுகளையும் நாணயத்தையும் ஒழுங்குபடுத்தும் பணியில் முன்னின்றார். 1835இல் கம்பெனி ஆண்ட பகுதிகள் முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரேன், அதாவது ஒரு தோலா, ஏறக்குறைய 11.66 கிராம். அதில் 165 கிரேன் தூய வெள்ளி, மீதி 15 கிரேன் கலப்பு. ஊருக்கு ஊர் வட்டம் கொடுத்தவனுக்கு இது நிம்மதிதான். ஆனால் வரி வசூலும் வியாபாரமும் தடையில்லாமல் நடக்கக் கம்பெனிக்கும் இப்படி ஒரு நாணயம் தேவைப்பட்டது என்பதை மறக்கக்கூடாது.

காசு காட்டிய எழுத்து

அவர் செயலாளராக இருந்த கல்கத்தா ஆசியக் கழகத்துக்குப் பழைய நாணயங்கள் நாலா திசையிலிருந்தும் வந்தன. மற்றவர்கள் கண்ணுக்கு அவை அழுக்கேறிய உலோகம். பிரின்செப் ஒவ்வொன்றையும் எடைபோட்டார். படம் வரைந்து, அச்சுத் தகடுகளையும் தாமே செதுக்கி, எங்கே கிடைத்தது என்ற விவரத்துடன் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

இந்தோ-கிரேக்க அரசர்களின் நாணயங்களில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் யாருக்கும் புரியாத கரோஷ்டி எழுத்து. இரு பக்கமும் ஒரே அரசனின் பெயராகத்தானே இருக்க வேண்டும்? அந்த வழியில் கரோஷ்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பிராமியிலும் நாணயம் உதவியது. ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியன் லாசன் 1836இல் அகதோக்ளிஸ் என்ற அரசனின் இருமொழி நாணயத்தைக் கொண்டு சில எழுத்துகளைச் சரியாக அடையாளம் கண்டார். 1837இல் சாஞ்சித் தூபியின் சிறு கல்வெட்டுகள் பல ஒரே எழுத்துகளில் முடிவதைப் பிரின்செப் கவனித்தார். பக்தர்கள் கொடுத்த கொடையைக் குறிக்கும் சொல்லாக அது இருக்கும் என்று ஊகித்தார். ஊகம் சரி. அங்கிருந்து முழு எழுத்து வரிசையும் விடுபட்டது. கமலகாந்த வித்யாலங்கார் போன்ற பண்டிதர்களின் துணை இல்லாமல் இது நடந்திருக்காது.

டெல்லித் தூணில் பேசும் தேவானம்பிய பியதசி யார் என்பது அடுத்த புதிர். இலங்கை அரசனாக இருக்கலாம் என்றுதான் பிரின்செப் முதலில் நினைத்தார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் பாலி மொழி நூல்களைக் கொண்டு அவர் அசோகர் என்று நிறுவினார். அசோகரின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர் பெயர்கள் இருக்கின்றன. பின்னாளில் மதுரை அருகே மாங்குளம் குகைகளின் தமிழ்ப் பிராமியை அறிஞர்கள் படிக்க முடிந்ததற்கும் அடித்தளம் இந்தக் கண்டுபிடிப்புதான்.

பகலில் அக்கசாலை, மற்ற நேரமெல்லாம் கல்வெட்டும் நாணயமும் இதழ் வேலையும். உடல் தாங்கவில்லை. 1838இல் கடுமையான தலைவலியும் நோயுமாகக் கப்பலேறினார். மனம் தெளியாமலே 1840 ஏப்ரல் 22இல் லண்டனில் இறந்தார். வயது 40. கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் அவர் பெயரால் ஒரு படித்துறை இருக்கிறது. சிங்கப்பூரில் உள்ள பிரின்செப் தெருவின் பெயர், அங்கே ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த அவர் அண்ணன் சார்ல்ஸால் வந்தது.

நம் வீட்டு டின்னில் இருப்பது

இதெல்லாம் நமக்கு எதற்கு? என் கொள்ளுப்பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிபட்டு, குடும்பம் ஈப்போவுக்கு வந்தபோது, அவர் கழுத்தில் கிடந்த வெள்ளிக்காசு மாலை டவுனில் ஒரு கடையில் எடைக்குப் போனது. கடைக்காரர் ஆண்டு பார்க்கவில்லை, எழுத்துப் பார்க்கவில்லை. தப்பியவை இரண்டே காசுகள். இரண்டும் ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த நீரிணைக் குடியேற்ற ஒரு வெள்ளி நாணயங்கள். ஒன்று 1904, மற்றது 1908.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத் தராசில் வைத்துப் பார்த்தேன். முதலாவது 27 கிராமுக்குச் சற்றுக் குறைவு; இரண்டாவது 20 கிராமைச் சற்றே தாண்டியது. இரண்டிலும் எழுதியிருப்பது ஒரே ஒரு வெள்ளிதான். ஆனால் நான்கே ஆண்டில் எடையில் கால் பங்கு குறைந்திருக்கிறது! 1906இல் இந்த நாணயத்தின் மதிப்பைப் பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தினார்கள். வெள்ளி விலை ஏறியதால், மக்கள் காசை உருக்கி விற்றுவிடாதபடி 1907இல் அதைச் சிறிதாக்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தவற்றில் வெள்ளி பாதிதான். ஒரு டின்னில் கிடந்த இரண்டு காசுகளில் ஒரு பொருளாதாரப் பாடமே இருக்கிறது.

சித்தி அவற்றை விற்றுவிடலாம் என்கிறார். என் தம்பிக்குக் கல்லூரிச் செலவு இருக்கிறது. அது நியாயமான தேவை. ஆனால் விற்பதாக இருந்தாலும் என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். 1904 காசில் 90 விழுக்காடு வெள்ளி. அதாவது சுமார் 24 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது அடிப்படை விலை மட்டுமே. அதற்கு மேல் ஆண்டு, அச்சான இடத்தின் குறி, தேய்மானம், எத்தனை காசுகள் மிஞ்சியிருக்கின்றன என்பவை விலையைக் கூட்டும் அல்லது குறைக்கும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் குறைவாகத்தான் தருவார்கள். ஆனால் ஒரு தோட்டத்துப் பெண் தன் உழைப்பை எப்படிச் சேமித்தாள் என்பதற்கு அந்த வளையம்தான் சாட்சி. அதற்கு எந்தக் கடையிலும் விலை இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். புளி, பற்பசை, சாம்பல் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மேற்பரப்பு அழியும், விலையும் விழும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். எடை, விட்டம், ஆண்டு, குறி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரு பக்கமும் படம் எடுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி அல்ல. கடைசியாக, பிரின்செப் விடாமல் கேட்ட கேள்வியையும் கேளுங்கள்: இது எங்கே கிடைத்தது, யாரிடம் இருந்தது? அதற்குப் பதில் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் பேராக் தோட்டங்களிலிருந்து வந்து இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வரும் பள்ளி விடுமுறையிலேயே ஒரு நோட்டும் பேனாவுமாக அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.